ஆட்டுக்காரி எல்ஸியின் நம்பர்

எங்கள் கல்லுமேட்டில் எல்ஸியைத் தெரியாத ஆள் யாராவது இருக்கலாம். அவளைத் தெரியாத ஆடு கிடையாது. ஜங்ஷனில் ஜீப்பை விட்டு இறங்கி அவள் ரெண்டு எட்டு வைப்பதற்குள் மேலேயும் கீழேயும் இருக்கிற கொட்டகைகளிலிருந்து கத்தல் கிளம்பிவிடும். நான் போடிக்காரி. கல்யாணமாகி இந்த ஏலமலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கடை வாசல் வழியாக எத்தனையோ பெரிய மனிதர்கள் போயிருக்கிறார்கள். எம்.எல்.ஏ. போனபோதுகூட ஒரு ஆடு திரும்பிப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காகத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு யாரையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. இவளைப் பிடித்ததே ஒரு மழை நாளில்தான். குரியாக்கோஸ் சேட்டனின் ஆடு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டு கிடந்தது. குட்டியின் தலை மடங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது. கட்டப்பனையிலிருந்து மாட்டு டாக்டர் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். கொட்டகையைச் சுற்றி ஆண்பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்ஸி நைட்டிக்கு மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவளுக்கு வெக்கமா இருக்கும்" என்றாள்.

"ஆட்டுக்கு என்ன வெக்கம்?" என்று குரியாக்கோஸ் சேட்டன் சிரித்தார்.

"உங்க வீட்டம்மாவுக்குப் பிரசவம் ஆனப்பவும் இப்படித்தான் கூட்டம் கூட்டிக் குடை பிடிச்சிட்டு நின்னீங்களா சேட்டா?"

குடைகள் எல்லாம் மளமளவென்று பின்வாங்கின. எல்ஸி முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். விரலால் பார்க்கும்போது கண் திறந்திருந்தால் இடைஞ்சல் என்பாள். முதலில் ஒரு கால் வந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் மொத்தக் குட்டியும் வழுக்கிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. அதன் மூக்கில் வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். குட்டி தும்மியது. அவள் மழையிலேயே கையைக் கழுவிக்கொண்டு, பால் விடாத ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல்கூடப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதில் வெட்கமில்லை.

பிறந்த வீட்டிலிருந்து இரண்டு ஆடுகளோடு வந்தவள். அது பெருகி ஒரு கொட்டகை நிறைந்தது. மலையில் எந்தக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதாவிட்டாலும் எல்ஸியிடம்தான் ஆட்டுப்பாலுக்கு வருவார்கள். தன் ஆடுகளுக்கெல்லாம் சர்ச்சில் பார்க்கிறவர்கள் பெயரை வைத்திருந்தாள். வெள்ளை உடம்பும் கறுத்த தலையுமாக, தாடையைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கும் ஆட்டுக்குப் பெயர் மதர். கன்னியர் மடத்துத் தலைவியான மதர் சுபீரியர் ஒருநாள் அதை நேரில் பார்த்துவிட்டு, "நடை என்னவோ என்னோடதுதான், தாடி மட்டும் எனக்கு இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எல்ஸியின் புருஷன் சோஜன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். நல்லவன்தான், விவரம் போதாது. அவன் அம்மாவை நாங்கள் எல்லாரும் அம்மச்சி என்போம். வாய் என்னைவிட நீளம். தமிழ்நாட்டுக்காரி என்பதால் என்னை "பாண்டிக்காரி" என்றுதான் கூப்பிடுவார், பதிலுக்கு நானும் சும்மா விடமாட்டேன், பொழுது நன்றாகவே போகும்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எல்ஸி முழுகாமல் இருந்தாள். மலையே கொண்டாடியது. ஆனால் வயிறு வேகமாகப் பெருத்தது, வாந்தி நிற்கவே இல்லை, ஒருநாள் ரத்தமும் பட்டது. ஸ்கேன் எடுத்தால் உள்ளே பிள்ளை இல்லை. கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். எங்கள் போடிப் பக்கம் முத்துப்பிள்ளை என்பார்கள், இங்கே முந்திரிக்குலை என்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் பெற்றவளுக்குக் கையில் ஒன்றும் கிடைக்காது. சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. மிச்சம் இருந்தது உள்ளேயே வேர்விட்டுப் புற்றாக மாறிவிட்டது என்று கோட்டயம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சொன்னார்கள்.

ஸ்டோரில் சீசன் நேரம், சோஜனால் வாராவாரம் வர முடியாது. அம்மச்சிக்கு ஜீப்பில் ஏறினாலே தலை சுற்றும். அதனால் பைஸ்டாண்டர் நான்தான். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு கூட நிற்கிறவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை மட்டும் சோஜனும் வந்திருந்தான்.

டாக்டர் அம்பிகா வாரியர் என்று ஒருவர். நரைத்த தலை, கறாரான பேச்சு, கண்ணில் மட்டும் இரக்கம். வயது, ஊர், பழைய நோய் எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன ஜோலி பண்றே எல்ஸி?" என்றார்.

எல்ஸி வாயைத் திறப்பதற்குள் சோஜன் முந்திக்கொண்டான். "ஜோலி ஒண்ணும் இல்ல டாக்டரே. வீட்டுலதான் சும்மா இருக்கா."

எல்ஸி என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் புற்று என்ற சொல்லைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஆட்டைப் பற்றி யார் சண்டை பிடிப்பது?

டாக்டர் விஷயத்தைப் புரியும்படி சொன்னார். பிள்ளை உண்டானால் உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனைத்தான் இந்தப் புற்றும் சுரக்கிறது. பீட்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று வாராவாரம் பார்ப்பார்கள். மருந்து வேலை செய்தால் நம்பர் இறங்கும், வேலை செய்யாவிட்டால் நிற்கும் அல்லது ஏறும். அஞ்சுக்குக் கீழே வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று பொருள். "வயித்தைக் கிழிச்சுப் பாக்க வேண்டாம். ரத்தமே வந்து நம்மகிட்ட சொல்லிரும்" என்றார்.

முதல் நம்பர் லட்சத்தைத் தாண்டி இருந்தது. ஊசி ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையிறங்குவோம், ரத்தம் கொடுப்போம், ஊசி இருந்தால் போட்டுக்கொள்வோம், மறுநாள் போனில் நம்பர் வரும். எல்ஸிக்கு வாயெல்லாம் புண், கஞ்சி மட்டும்தான் இறங்கும். ஆனாலும் நம்பர் இறங்கியது. லட்சம் ஆயிரங்களானது, ஆயிரம் நூறுகளானது.

இந்த மலையில் காலையில் எழுந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, நேற்று ஏலத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்பதுதான். அந்த மூன்று நாலு மாதமும் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் ஓடியது. "எல்ஸிக்கு எத்தனை?" என் கடையில் வந்துதான் கேட்பார்கள். முன்னூற்றுப் பத்து என்றால் சாயாக்கடையில் கைதட்டுவார்கள்.

"விலை இறங்கினா நீங்கல்லாம் கை தட்டறதை இப்பத்தான் பாக்கறேன்" என்று நான் சொன்னேன்.

"ஏலக்காய் இறங்கட்டும், உன் மிஷினைத் தூக்கி ரோட்டுல போட்டுடறோம்" என்றார் குரியாக்கோஸ் சேட்டன்.

நூறுக்குக் கீழே வந்ததும் அம்மச்சி பாயசம் வைத்தார். அந்தப் பாயசத்தோடு நம்பர் நின்றுவிட்டது.

எண்பத்து நாலு. அடுத்த வாரம் எண்பத்தொன்று. அடுத்த வாரம் எண்பத்தாறு. ஊசியை மாற்றினார்கள், இன்னும் காட்டமானது. முடி கொட்டியது. நம்பர் எண்பதை விட்டு நகரவில்லை. ஸ்கேனில் வயிறு சுத்தம், நெஞ்சு சுத்தம், தலை சுத்தம். ஆனால் ரத்தம் மட்டும் இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாயாக்கடையில் யாரும் எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். என் கடையைத் தாண்டும்போது எல்லாரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

டாக்டர் அம்பிகா சோஜனையும் வரச் சொன்னார். "எங்கயோ ஒளிஞ்சிருக்கு. கர்ப்பப்பைச் சுவருக்குள்ளதான் இருக்கணும். இன்னும் கடுமையான மருந்து கொடுத்து உடம்பை உருக்கறதுக்கு முன்னாடி, கர்ப்பப்பையை எடுத்துடறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. வீட்டுல பேசிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் என்ன பேச இருக்கிறது? சோஜன் மூலையில் உட்கார்ந்து அழுதான். அம்மச்சி எல்ஸியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உசிரு இருந்தாப் போதும் கொச்சே. பிள்ளை இல்லாதவங்க பூமியில வாழலையா? நீ இருக்கணும் எனக்கு." அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. எல்ஸி சரி என்று தலையாட்டினாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தேடினேன். கொட்டகையில் மதரின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதர் நிறை சினை. அது அசை போட்டுக்கொண்டு பேசாமல் நின்றது.

"சேச்சி, இந்தக் கையால எத்தனை குட்டியை எடுத்திருப்பேன்?" என்றாள். "மத்தவங்க ஆட்டுக்கெல்லாம் எடுத்தேன். எனக்குன்னு ஒண்ணு எடுக்கக் குடுத்து வெக்கலையே." அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் தேதி சொன்னார். "வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம். வியாழக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க."

"வெள்ளிக்கிழமை முடியாது டாக்டரே" என்றாள் எல்ஸி.

"ஏன்?"

"அன்னிக்குத்தான் மதருக்குப் பிரசவம் வரும்போல இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு?"

"மதர் சுபீரியருக்கு."

சோஜன் பதறிப்போய் கையை ஆட்டினான். "ஆடு டாக்டரே! ஆட்டுக்குப் பேரு அது! மடத்துல உள்ளவங்க இல்ல!" ஊசியோடு நின்ற நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு உன் உசிரு பெரிசா, ஆடு பெரிசா? ஆட்டை வேற யாராவது பாத்துக்கட்டும்."

"வேற யாரும் இல்ல டாக்டரே. போன ஈத்துலயே குட்டி குறுக்கா கெடந்துச்சு. நான் கையை விட்டுத் திருப்பித்தான் எடுத்தேன். இந்தத் தடவை ரெண்டு குட்டி. நான் இல்லேன்னா மூணு உசிரும் போயிடும்." எல்ஸி கையைக் கூப்பினாள். "என்னோட பை போகுதுன்னா போகட்டும். அதோடதாவது பொழைக்கட்டும். திங்கக்கிழமை வந்து படுத்துக்கறேன், சத்தியமா வந்துடறேன்."

டாக்டர் எல்ஸியைப் பார்த்தார், சோஜனைப் பார்த்தார். "ஜோலி ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது… வீட்டுல ஆடு இருக்கு டாக்டரே. அதையெல்லாம் ஜோலின்னு சொல்லுவாங்களா?" என்றான் சோஜன்.

அன்றைக்கு நான் வாயை அடக்கவில்லை. "அவ ஒரு நாள் படுத்தா மலையில பாதிப் பிள்ளைங்களுக்குப் பால் கெடையாது. அவ ஒரு நாள் ஊர்ல இல்லேன்னா ஈனற ஆடெல்லாம் செத்துப்போகும். நீ ஸ்டோர்ல ஏலக்காயைப் பரப்பறது ஜோலி, இது சும்மாவா?" என்று கத்திவிட்டேன். வெளியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

எல்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஜோலி இருக்கு டாக்டரே. சின்ன வயசிலேர்ந்து ஆடு வளக்கறேன். பால் கறப்பேன், தழை வெட்டுவேன், காய்ச்சல் பாப்பேன். எங்க மலையில எந்த ஆட்டுக்குப் பிரசவம் கஷ்டமானாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. என் கையில ஒரு தாய் ஆடு செத்ததில்ல."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் சம்பந்தமில்லாத கேள்விகளாகக் கேட்டார். கையுறை போடுவாயா? போடமாட்டேன். கையில் கீறல், காயம் இருக்குமா? எப்போதும் இருக்கும், முள்ளு குத்தும், குட்டிப் பல்லு படும். ஆட்டு ரத்தம் படுமா? படாமல் எப்படி, முழங்கை வரை படும். பச்சைப் பால் குடிப்பாயா? குடிப்பேன்.

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். போனை எடுத்து லேபில் யாரையோ கூப்பிட்டு, நம் பீட்டா பரிசோதனைக்கான மருந்து எந்த மிருகத்திலிருந்து எடுத்தது என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை மெதுவாக வைத்தார். "எல்ஸி, போய் மூத்திரம் எடுத்துக் குடுத்துட்டு வா. இப்பவே."

ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மறுபடி கூப்பிட்டபோது டாக்டர் தன் நாற்காலியை விட்டு இந்தப் பக்கம் வந்து எல்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கவனமாக் கேளு மோளே. ரத்தத்துல அந்த ஹார்மோனைப் பிடிக்க ரெண்டு கொக்கி போடுவாங்க. ரெண்டு கொக்கியும் ஹார்மோனைப் பிடிச்சா மெஷின் அதை எண்ணும். அந்தக் கொக்கிகளை எலி, ஆடுன்னு மிருகங்களோட ரத்தத்துலேர்ந்துதான் எடுப்பாங்க. நம்ம லேப்ல போடறது ஆட்டோடது. உன் உடம்பு இத்தனை வருஷமா ஆட்டு ரத்தத்துல பழகி, ஆட்டோடதுன்னா ஓடிப்போய்ப் பிடிச்சுக்கற ஒரு சத்தை உண்டாக்கி வெச்சிருக்கு. எல்லாருக்கும் அப்படி வராது, சிலருக்கு வரும். அது ரெண்டு கொக்கியையும் சேத்துப் பிடிச்சுக்குது. மெஷின் நடுவுல ஹார்மோன் இருக்குன்னு நெனச்சு எண்பதுன்னு எழுதுது."

"அப்ப அந்த லட்சம்?" என்று நான் கேட்டேன்.

"அது நெஜம். அந்த நோயும் நெஜம், மருந்து அதை இறக்கினதும் நெஜம். கடைசியில நிக்கற இந்த எண்பதுதான் எனக்கு இப்ப சந்தேகம். ஹார்மோன் நெஜமா இருந்தா மூத்திரத்துலயும் வரணும். இந்த ஆட்டுச் சமாச்சாரம் பெரிசு, மூத்திரத்துக்கு இறங்காது. உன் மூத்திரத்துல ஒண்ணுமே இல்ல." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும். வேற மாதிரிக் கொக்கி போடற லேப் கொச்சியில இருக்கு, இன்னிக்கே உன் ரத்தத்தை அனுப்பறேன். அது வர்ற வரைக்கும் ஆபரேஷன் கெடையாது. நீ போய் உன் மதரைப் பாரு. கையுறை போட்டுக்கோ."

மலையேறும்போது ஜீப்பில் சோஜன் எல்ஸியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "எல்ஸி, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தான்.

"விடுங்க சேட்டாயி. நாளையிலேர்ந்து கொட்டகை கழுவறது உங்க ஜோலி" என்றாள் எல்ஸி.

மதர் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தது. காலையில் வலி வந்தது. எல்ஸி கையுறையைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டாள். "விரலுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருக்கு, சே!" முதல் குட்டி தொந்தரவில்லாமல் வந்தது. இரண்டாவது, அவள் சொன்னபடியே, குறுக்கே கிடந்தது. சோஜன் மதரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மச்சி வாசலில் ஜெபமாலையோடு நின்று, நடுநடுவே ஜெபத்தை நிறுத்தி எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எல்ஸியின் போன் என் கையில் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

எல்ஸி முழங்கை வரை உள்ளே இருந்தாள். நான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன்.

டாக்டரின் குரல் எனக்கும் கேட்டது. "எல்ஸி, கொச்சியிலேர்ந்து வந்துடுச்சு. ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்ல. நோய் போயிடுச்சு மோளே. கர்ப்பப்பை உனக்கே. கேக்குதா? எல்ஸி?"

எல்ஸி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "டாக்டரே, ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். "கால் கெடச்சிருச்சு."

டாக்டர் வைக்கவில்லை. அந்தக் குட்டி வெளியே வந்து தும்முகிற வரைக்கும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்ஸி ரத்தக் கையோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுததையும் அவர் கேட்டிருப்பார். சோஜன் ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் தலையைக் கட்டிக்கொண்டான். எங்கள் மலையில் அன்றைக்குச் சாயாக்கடையில் காசு வாங்கவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதாமாதம் கொச்சி லேபுக்கு ரத்தம் போகும், மூத்திரமும் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே வந்தது. முடி வளர்ந்தது, சுருட்டையாக. சோஜன் பால் கறக்கப் பழகி இரண்டு தடவை உதை வாங்கினான். ஆஸ்பத்திரியிலும் ஒரு மாற்றம் வந்தது. டாக்டர் அம்பிகாவின் அறையில் இப்போது எந்தப் பெண் வந்தாலும் அவளையேதான் கேட்கிறார்கள்: காலையில் எழுந்ததிலிருந்து என்னவெல்லாம் செய்கிறாய், எதையெல்லாம் தொடுகிறாய் என்று. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கும்போது எங்கள் எல்ஸியின் கதையைச் சொல்கிறாராம். நர்ஸ்தான் என்னிடம் சொன்னாள். கேட்டதும் நான் நேராகச் சாயாக்கடைக்குப் போய் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் கடையைத் திறந்தேன்.

கெடு முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் எல்ஸி என் கடைக்குள் வந்து, "சேச்சி, கதவைச் சாத்துங்க" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனைப் பட்டையை நீட்டினாள். இரண்டு கோடு.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அவளுக்கும் அதுதான். அதே ஹார்மோன். பிள்ளை வந்தாலும் ஏறும், அந்தச் சனியன் திரும்பி வந்தாலும் ஏறும். இந்தத் தடவை மூத்திரத்திலேயே காட்டிவிட்டது, ஆட்டின் மேல் பழி போட முடியாது.

"சேட்டாயிக்குச் சொல்லலை. அம்மச்சிக்கும் சொல்லலை. திரும்ப ஒரு தடவை அவங்களை அழ வைக்க என்னால முடியாது" என்றாள். "நீங்க வர்றீங்களா?"

இதென்ன கேள்வி. கடையைப் பூட்டினேன்.

டாக்டர் கொச்சி லேபுக்கு இரண்டு தடவை ரத்தம் அனுப்பினார். நம்பர் இரட்டித்திருந்தது. "ஏறுது. ஆனா நம்பரை மட்டும் நம்பி நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கேன்ல நேராவே பாத்துடலாம்" என்றார். அந்த இரண்டு வாரமும் எல்ஸி கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தால் தொற்று வரலாம், அந்த வேலை இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதுகு வலி என்று வீட்டில் சொல்லிவைத்தாள். அம்மச்சி நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் அதிசயமாக ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்கேன் அறையில் எல்ஸி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. அத்தனை ஆட்டைப் பிழைக்க வைத்த கை அது, பலம் இல்லாமலா இருக்கும்.

"சேச்சி, நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவில் ஒரு பயறு அளவுக்கு என்னவோ. அதற்குள் ஒரு புள்ளி விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் திரைக்குக் கிட்டே குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

"என்ன சேச்சி? சொல்லுங்க! செத்துடுவேன்போல இருக்கு!"

"துடிக்குதுடி" என்றேன். "துடிக்குது."

எல்ஸி கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, பழைய பழக்கத்தில், "அடுத்த நம்பர் எப்ப டாக்டரே?" என்று கேட்டாள்.

"பிரசவத்துக்கு அப்புறம் ஒரு தடவை பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் உனக்கு நம்பர் கெடையாது. வீட்டுக்குப் போய்ப் பேரு யோசி."